முயல் இருக்கும் வளையை மட்டும் காட்ட நாயைப் பழக்குவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் மேற்கு விக்டோரியாவில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறீர்கள். ஒன்றரை வயதுள்ள ஜாக் ரஸ்ஸல் டெரியர் கலப்புப் பெட்டை நாய் உங்களிடம் இருக்கிறது. முயல் வளை எதைக் கண்டாலும் அது மூக்கை நுழைத்து நின்றுவிடுகிறது. அதை நம்பி வலை விரித்து, முயலை வெளியே துரத்தப் பழக்கிய கீரி போன்ற சிறு விலங்கான ஃபெரெட்டை உள்ளே விட்டால் பெரும்பாலும் வெறும் வளை. முயல் இருக்கும் வளையில் மட்டும் நிற்க அதை எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நாய்க்கு நிற்கத் தெரியும், மோப்பமும் இருக்கிறது. அது நின்றால் அந்த நிலையை நம்பலாம் என்ற கட்டத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. விக்டோரியாவில் பல ஆண்டுகளாக நாய்களை வைத்து முயல் ஒழிப்பு வேலை செய்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் நாயை நான் நேரில் பார்த்ததில்லை. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில், உங்கள் வேலைக்கு இந்தப் பழக்கம் தேவைதானா என்று பாருங்கள். 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வின்செல்சி ஊருக்கு அருகே தன் பார்வன் பார்க் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். இன்று நீங்கள் மிதித்து நடக்கும் வளைகளின் கதை அங்கிருந்துதான் பெருகியது. 1950-ல் முயல்களைக் கொல்லும் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். 1995-ல் முயலைக் கொல்லும் இன்னொரு கிருமியான கலிசிவைரஸ் சோதனைத் தீவிலிருந்து தப்பிப் பரவியது. இரண்டும் முயலைக் குறைத்தன, ஒழிக்கவில்லை. நிலையான பலன் தருவது, நீண்ட கொழு பூட்டிய டிராக்டரால் வளைகளை ஆழமாகக் கிழித்து மூடுவதுதான். அந்த வேலையில் ஆளுள்ள வளை, ஆளில்லா வளை என்று பிரிக்கவே கூடாது. காலியாக விட்ட வளையில் அடுத்த மழைக்குள் புது முயல் குடியேறிவிடும். அங்கே நாயின் வேலை, புதரில் படுத்திருக்கும் முயல்களை முன்கூட்டியே வளைக்குள் துரத்துவது. நின்று காட்டும் நாய் உண்மையிலேயே தேவைப்படுவது மூன்று இடங்களில்: ஃபெரெட் வைத்துப் பிடிக்கும்போது, டிராக்டர் ஏற முடியாத பாறைச் சரிவில் எந்த வளைக்கு நச்சுவாயு வைப்பது என்று முடிவு செய்யும்போது, ஒழித்த பிறகு மிச்சம் இருக்கிறதா என்று தேடும்போது. உங்களுடையது முதல் வகை. எனவே பழக்குவது வீண் வேலை அல்ல.

நாய்க்கு என்ன தெரியும் என்பதில் உறுதியான சில விஷயங்கள் உண்டு. முயல் வாழ்ந்த வளையில் முயல் வாடை நாள்கணக்கில் தங்கும். முயல் தாடைக்கடியில் உள்ள சுரப்பியை வளை வாயில் தேய்த்து அடையாளம் வைக்கும்; புழுக்கைக் குவியலிலும் அதன் வாடை இருக்கும். ஆகவே வெறும் வளையில் நிற்கும் உங்கள் நாய் பொய் சொல்லவில்லை, அங்கே முயல் வாடை இருக்கிறது என்று சரியாகவே சொல்கிறது. பழைய வாடைக்கும் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாடுதான் உங்களுக்கு முக்கியம் என்பதை அதனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை நாயால் கண்டுபிடிக்க முடியும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை; நன்றாகப் பழகிய நாய்கள் அதை நாள் முழுவதும் செய்கின்றன. எதை வைத்துக் கண்டுபிடிக்கின்றன என்பது மட்டும் திட்டமாகச் சொல்ல முடியாத விஷயம். வாடையின் அடர்த்தியா, உயிருள்ள உடலின் சூட்டோடு வரும் ஈரக் காற்றா, உள்ளே முயல் பின்காலால் தரையைத் தட்டும் ஓசையா என்று அனுபவசாலிகளே ஆளுக்கொன்று சொல்வார்கள். மூன்றும் கலந்தது என்பது என் ஊகம். நல்லவேளையாக, பழக்குவதற்கு அந்த விடை தேவையில்லை.

காற்றோட்டத்தைப் பற்றி மட்டும் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முயல் வளை என்பது ஒற்றைப் பொந்து அல்ல. பல வாய்கள் உள்ள சுரங்கப் பின்னல் அது. குளிர்ந்த காலையில் மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். அது மேலே உள்ள வாய் வழியாக வெளியேறும். காற்று பலமாக வீசினால், வீசும் பக்கத்து வாயில் புகுந்து எதிர்ப்பக்கத்து வாயில் வரும். நாய் நிற்பது வாடை வெளிவரும் வாயில்; முயல் அங்கிருந்து பல மீட்டர் தள்ளிப் படுத்திருக்கலாம். அதனால் 'இந்த வாயில் முயல்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'இந்த வளைப் பின்னலில் முயல்' என்பதே சரியான பொருள். நாய் காட்டிய வாயில் மட்டும் வலை போட்டுவிட்டு, முயல் வேறு வாயில் ஓடியதும் நாயைக் குறை சொல்பவர்கள் இந்த வட்டாரத்திலும் நிறைய இருக்கிறார்கள்.

இனி பழக்கும் முறை. இதன் அடிப்படை ஒன்றே ஒன்று: பழக்கும் நாள்களில் எந்த வளையில் முயல் இருக்கிறது என்பது நாயைக் கொண்டுபோவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் 'சபாஷ்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் பழைய வாடைக்கும் நீங்கள் பரிசு கொடுக்கிறீர்கள். உங்கள் நாய் இந்த நிலைக்கு வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன். வளையில் நின்றதும் நீங்கள் அருகே ஓடுகிறீர்கள், குரல் மாறுகிறது, வலை வெளியே வருகிறது, ஃபெரெட் பெட்டி திறக்கிறது. நாய்க்கு அந்தப் பரபரப்பே பரிசு. முயல் வந்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் விஷயம்.

வெறும் வளை எது என்று உறுதி செய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். வேலியோரம் தனித்து இருக்கும், நான்கைந்து வாய்களுக்கு மேல் இல்லாத சிறிய வளையாகத் தேர்ந்தெடுங்கள். எல்லா வாய்களையும் மண்வெட்டியால் மண் தள்ளி மூடுங்கள். உள்ளே முயல் இருந்தால் இரவில் தோண்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று நாள் எந்த வாயும் திறக்கவில்லை என்றால் அது வெறும் வளை. வாய்களை நீங்களே திறந்துவிடுங்கள். உள்ளே முயல் வாடை இருக்கும், முயல் இருக்காது. உங்களுக்கு வேண்டிய பாடப்புத்தகம் அதுதான். குட்டி ஈனும் காலத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். குட்டி உள்ள கிளை வளையைத் தாய் தானே மண்ணால் அடைத்துவிட்டு, நாளுக்கு ஒரு முறை சில நிமிடம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். வெளியே பார்த்தால் ஆளில்லாத வளை போலவே இருக்கும்.

முயல் இருக்கும் வளையை உறுதி செய்ய, கம்பியில் கோத்து உள்ளே விடும் கேமரா கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அது இல்லாவிட்டால் கண்ணால் படிக்க வேண்டும். வாயில் சிலந்தி வலை இல்லாமல், தரை வழவழவென்று தேய்ந்து, புழுக்கை ஈரமாகக் கருத்து, புதிதாகப் பறித்த மண் இருந்தால் அந்த வளை புழக்கத்தில் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் வயல் வரப்பில் எலி வளை பார்க்கும்போது பார்ப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். ஆனால் புழக்கத்தில் இருப்பது வேறு, இப்போது உள்ளே இருப்பது வேறு. விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் முயல் மேயப் போயிருக்கும். வளை வாயில் வாடை சுடச்சுட இருக்கும். அந்த நேரத்தில் நாயைப் பழக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். காலை ஒன்பது பத்து மணிக்கு மேல், முந்தைய இரவு மழையோ காற்றோ அடித்த நாளாகப் பார்த்துப் போங்கள். கோடையில் முயல் புதரடியிலேயே பகலைக் கழித்துவிடுவதும் உண்டு என்பதால், இங்கே குளிர் மாதங்களான மே முதல் ஜூலை வரை, குட்டி ஈனத் தொடங்காத நாள்களில் பழக்குவது நல்லது.

வீட்டு முயல் கூண்டிலிருந்து எடுத்த வைக்கோலைக் குழாயில் அடைத்துப் புதைத்துப் பழக்கலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். வேண்டாம். முயல் இல்லாத இடத்தில் முயல் வாடைக்குப் பரிசு தருவதுதான் அது. நீங்கள் களைய நினைக்கும் குறையையே ஊட்டி வளர்க்கும். உயிருள்ள முயலைக் குழாயில் அடைத்துப் பழக்குவதை நான் செய்வதில்லை, அந்த விலங்குக்கு அது கொடுமை.

இப்படி நிலை தெரிந்த வளைகள் சில கையில் கிடைத்ததும், நீண்ட வாரில் நாயைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிர்முகமாக நடங்கள். பேசாதீர்கள். வெறும் வளை வந்தால் நாய் மோப்பம் பிடிக்கட்டும், நிற்கட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாமல், வேகத்தைக் குறைக்காமல் கடந்து போங்கள். வாரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். முயல் இருக்கும் வளையில் நின்றதும், அந்த நொடியிலேயே, அதற்கென்று வைத்திருக்கும் ஒரே சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு இறைச்சித் துண்டைக் கொடுங்கள். சொல் முதலில், இறைச்சி பிறகு. நாய் வளையை விட்டு உங்களிடம் வந்த பிறகு கொடுத்தால், வளையை விட்டு வருவதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும்; நீங்கள் அதனிடம் போய் வளை வாயிலேயே கொடுங்கள். வெறும் வளைகள் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கட்டும், ஏனென்றால் களத்தில் அப்படித்தான் இருக்கும். வெறும் வளையைத் தானாகத் தாண்டிப் போனால் அதற்கும் பாராட்ட வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பரிசு ஒரு விஷயத்துக்கு மட்டும் என்று இருந்தால்தான் நாய்க்குத் தெளிவு.

வெறும் வளையில் நின்றதற்காகத் திட்டவே கூடாது. திட்டு வாங்கிய நாய் வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளாது. வளையில் நின்றால் ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். பிறகு முயல் இருக்கும் வளையிலும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து நகர்ந்துவிடும். உங்கள் பண்ணையில் மற்றவர்கள் அதை அதட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பழகி முடியும்வரை அவர்கள் கையில் நாயைக் கொடுக்காதீர்கள்.

சில வாரங்களில் நாயின் நிற்கும் விதம் இரண்டாகப் பிரிவதைக் காண்பீர்கள். இதைக் கூர்ந்து பாருங்கள். பழைய வாடை என்றால் என்னிடம் உள்ள பார்டர் டெரியர் வாயைத் திறந்தபடி இரண்டு மூன்று முறை மூக்கை இழுக்கும், வால் தளர்வாக ஆடும், தலையைச் சட்டென்று வெளியே எடுத்துவிடும். முயல் இருந்தால் வாய் மூடிக்கொள்ளும். காது முன்னால் வரும், கழுத்து நீளும், வாலின் அடிப்பகுதி விறைத்து நுனி மட்டும் துடிக்கும், முன்கால் ஒன்று தரையை விட்டு எழும். பிறகு அங்கிருந்து விலகி, மேட்டில் உள்ள இன்னொரு வாய்க்குப் போய் மோந்துவிட்டு, முதல் வாய்க்கே திரும்பி வந்து நிற்கும். நான் மிகவும் நம்புவது அந்தத் திரும்பி வருதலைத்தான். பழைய வாடைக்கு அது திரும்பி வருவது மிக அரிது. உங்கள் நாயின் உடல்மொழி வேறாக இருக்கும். ஆனால் இரண்டு விதம் இருக்கும் என்பது உறுதி. கைபேசியில் படம் பிடித்து மாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் களத்தில் தவறவிட்டது தெரியும்.

அடுத்தது கஷ்டமான பகுதி, ஏனென்றால் அது நம்மைப் பற்றியது. நமக்கு விடை தெரிந்த வளைகளில் மட்டும் பழக்கினால், நாய் வளையைப் படிக்காமல் நம்மைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று பெயர் பெற்ற ஹான்ஸ், கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907-ல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் நிறுவினார். நாய்களுக்கும் இது பொருந்தும். 2011-ல் கலிஃபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வில், போதைப்பொருள், வெடிபொருள் தேடும் 18 நாய்களையும் அவற்றை நடத்துபவர்களையும் ஒரு தேவாலயத்தின் அறைகளில் தேட விட்டார்கள். எங்கேயும் எந்த வாடையும் வைக்கவில்லை. ஆனால் இருக்கக்கூடும் என்று நடத்துபவர்களிடம் சொல்லியிருந்தார்கள். 144 தேடல்களில் 21 மட்டுமே 'ஒன்றும் இல்லை' என்று சரியாக முடிந்தன. உங்கள் நடை முயல் வளைக்கு அருகில் லேசாகத் தயங்கினாலே போதும், டெரியர் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு, விடை தெரிந்த நண்பர் தூரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க, விடை தெரியாத நீங்கள் நாயை நடத்த வேண்டும். நாய் நின்றதும் நீங்கள் கையைத் தூக்குங்கள். சரியென்றால் அவர் ஒரு சீட்டி அடிக்கட்டும், நீங்கள் பரிசைக் கொடுங்கள். இப்படிச் செய்து பார்க்காமல் 'என் நாய் தவறவே தவறாது' என்று சொல்பவர்களின் பேச்சை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

உண்மையான வேலைக்குப் போன பிறகு கதை கொஞ்சம் மாறும். அங்கே விடை உடனே கிடைக்காது. நாய் நிற்கிறது, ஓசையில்லாமல் வலை விரிக்கிறீர்கள், ஃபெரெட் உள்ளே போகிறது, சில நிமிடங்கள் காத்திருக்கிறீர்கள். முயல் வலையில் விழுந்தால் நாய் அதைப் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய பரிசு உங்கள் பையில் இல்லை. ஃபெரெட் வெறுமனே திரும்பி வந்தால் அமைதியாக அடுத்த இடத்துக்குப் போங்கள். நாய் தவறிவிட்டது என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். முட்டுச் சந்தில் பிட்டத்தைக் காட்டி அடைத்துக்கொண்டு உட்கார்ந்த முயலை ஃபெரெட் நகர்த்த முடியாமல் விட்டுவிடுவதும், புல்லுக்குள் மறைந்த வாய் வழியாக முயல் நழுவிவிடுவதும் வாடிக்கை. ஃபெரெட்டின் கழுத்தில் இடம் காட்டும் கருவி கட்டியிருந்தால், அது ஓரிடத்தில் வெகுநேரம் நின்றதா என்று பார்த்து ஓரளவு முடிவு செய்யலாம். நிச்சயமில்லாத நிலைக்குப் பரிசும் வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம்.

வளை வாயில் பறிப்பதும் குரைப்பதும் உங்கள் நாய்க்கு இருந்தால் அதை இப்போதே நிறுத்த வேண்டும். மேலே அதிர்வு கேட்டால் முயல் வெளியே பாய மறுத்து உள்ளேயே பதுங்கிவிடும். ஃபெரெட் அங்கேயே கொன்றுவிட்டால் நீங்கள் மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான். நின்றதற்கும் பறிக்கத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு நொடி அமைதி இருக்கும். பரிசுச் சொல்லை அந்த நொடிக்குள் சொல்லிவிடுங்கள். பிறகு அந்த அமைதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். டெரியர் ரத்தத்தில் தோண்டும் ஆசை ஊறியிருக்கும். சில நாய்களிடம் அது முழுவதும் போகாது.

வளைக்குள் இருப்பது முயல்தானா என்ற கேள்வியும் உண்டு. உங்கள் பக்கத்தில் கொடிய விஷமுள்ள டைகர் பாம்பும் பழுப்புப் பாம்பும் முயல் வளையில் தங்கும். வெயில் ஏறும் மாதங்களில் நாயின் மூக்கை எந்த வளையிலும் நுழைய விடாதீர்கள். வாய் பெரிதாக, அகன்று இருந்தால் அது வோம்பாட் என்ற பருத்த உடல் கொண்ட ஆஸ்திரேலிய விலங்கின் வளையாக இருக்கலாம். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. தன் கெட்டியான பின்புறத்தால் நாயை வளைக் கூரையோடு வைத்து நசுக்கும் பலமும் அதற்கு உண்டு. முயலைத் தவிர வேறு எதையும் பொருட்படுத்தாதபடி நாயைப் பழக்க முடியும் என்பதற்கு, அண்டார்க்டிகா செல்லும் வழியில் உள்ள ஆஸ்திரேலியத் தீவான மெக்குவாரி சான்று. 2011-ல் அங்கே விஷ இரை தூவி முடித்த பிறகு, பெங்குவினையும் சீலையும் தொடாத நாய்களோடு ஆட்கள் தீவு முழுவதையும் நடந்து தேடினார்கள். மிஞ்சியிருந்த 13 முயல்கள் அகப்பட்டன. அதற்குப் பிறகும் பல பருவங்கள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் 2014-ல் தீவில் முயல் இல்லை என்று அறிவித்தார்கள். அங்கே நாயின் வேலை முயலைக் கண்டுபிடிப்பதைவிட, 'இங்கே இல்லை' என்று நம்பத்தக்க வகையில் சொல்வது. வெறும் வளையைக் கடந்து போகப் பழகாத நாயால் அதைச் சொல்லவே முடியாது.

இதைப் படித்துவிட்டு ஊரில் உள்ள வேட்டை நாய்க்குப் பழக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டி வாழ்வதில்லை, புல்லடியில் படுத்திருக்கும். வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அதை வேட்டையாடுவது குற்றம்.

கடைசியாக, நாயை வாரில் கட்டுவதற்கு முன் பண்ணை உரிமையாளரிடமும் பக்கத்துப் பண்ணைக்காரர்களிடமும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முயல், நரிகளைக் கொல்ல வைக்கும் 1080 என்ற விஷ இரை அண்மையில் வைத்தார்களா? அதைத் தின்று செத்த முயலை நாய் கடித்தாலும் உயிர் போகும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. ரத்தம் உறையாமல் செய்து முயலைக் கொல்லும் பிண்டோன் விஷம் வைத்தார்களா? அதற்கு வைட்டமின் கே1 சிகிச்சை உண்டு, ஆனால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எந்த வளைக்காவது பாஸ்பைடு மாத்திரை போட்டு மூடினார்களா? நம் ஊரில் தானியக் கிடங்கில் வைக்கிறார்களே, அதே மாத்திரைதான். ஈரம் பட்டதும் கிளம்பும் வாயு, மூக்கை நுழைத்த நாயைக் கொன்றுவிடும். மூன்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்றோ 'தெரியவில்லை' என்றோ பதில் வந்தால் அந்த வயலுக்கு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். வேறு வயலில் பழக்குங்கள். எங்கே போனாலும் நாய்க்குக் கூடை முகமூடி மாட்டுங்கள். அதைப் போட்டுக்கொண்டே மோப்பம் பிடிக்கவும், கம்பி இடுக்கு வழியாக இறைச்சித் துண்டு வாங்கவும் சில நாளில் பழகிவிடும்.